நீண்ட சூட் வந்தால் எவ்வளவு தூரம் கேட்பது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் ஆறு சீட்டு சூட் (ஸ்பேடு, ஹார்ட், டைமண்ட், கிளாவர் என்ற நாலில் ஒன்றில் ஆறு சீட்டு) ஏறக்குறைய ஆறு கைக்கு ஒரு தடவை வந்துவிடும். ஏழு சீட்டு, 28 கைக்கு ஒன்று. எட்டு என்றால் 200 கைக்கும் மேல் காத்திருக்க வேண்டும். அடிக்கடி வராததால் இந்தக் கைகளில் நமக்குப் பழக்கம் போதாது. வந்தவுடன் உற்சாகத்தில் ஏலத்தில் நாலாம் படிக்குத் தாவிவிடுகிறோம், அதாவது ஆறோடு நாலு சேர்த்துப் பத்து டிரிக் (சுற்று) எடுப்பேன் என்று கேட்கிறோம். இல்லையென்றால் ‘புள்ளி இல்லையே’ என்று பாஸ் போட்டுவிட்டு, எதிரணி ஆற அமர ஏலம் பேசிக் கேமுக்கு (போனஸ் கிடைக்கும் படிக்கு) போவதை வேடிக்கை பார்க்கிறோம்.

இந்தக் குறிப்பு ஆட்டம் முடிந்து ஸ்கோர் எழுதிய பிறகு எடுத்துப் பார்ப்பதற்கு. எந்த விளைவு உங்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒரே ஒரு போர்டில் (ஒரு தடவை பகிர்ந்த சீட்டில்) அடி வாங்கியதை வைத்து முறையை மாற்றிவிடாதீர்கள். சரியாகக் கேட்டாலும் சீட்டு எதிராகப் பிரியும் நாள் உண்டு. ஒரே மாதிரி அடி பல தடவை விழுந்தால்தான் கோளாறு ஏலத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: கையை எண்ணும் முறை

ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று புள்ளி கூட்டுவது சமமாகப் பிரிந்த கைகளுக்குப் பொருந்தும். நீண்ட சூட் கைக்கு வேறு கணக்கு வேண்டும். பார்ட்னர் ஒன்றுமே தராவிட்டாலும் நான் தனியாக எத்தனை டிரிக் எடுப்பேன்? அந்தச் சூட் துருப்பாக இருந்தால் முதல் மூன்று சுற்றில் எத்தனை போகும் என்று பாருங்கள். மீதி நின்றுவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மற்ற சூட்டுகளில் ஏஸுக்கு ஒன்று, துணையுள்ள ராஜாவுக்கு அரை. தனியாக நிற்கும் ராணிக்கும் ஜாக்கிக்கும் எதுவும் கிடையாது.

இரண்டு கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் கை. ஸ்பேடு: ராஜா, ராணி, ஜாக்கி, 10, 9, 6, 3. ஹார்ட்: 5. டைமண்ட்: 8, 4, 2. கிளாவர்: 7, 6. மொத்தம் 6 புள்ளி.

இரண்டாவது கை. ஸ்பேடு: ராணி, 8, 7, 5, 4, 3, 2. ஹார்ட்: ராஜா, 3. டைமண்ட்: ராணி, ஜாக்கி. கிளாவர்: ஜாக்கி, 5. மொத்தம் 9 புள்ளி.

இரண்டிலும் ஏழு ஸ்பேடு. புள்ளி பார்த்தால் இரண்டாவது கை தேவலை. டிரிக் எண்ணிப் பாருங்கள். முதல் கையில் ஸ்பேடு ஏஸ் ஒன்றுதான் போகும், ஆறு டிரிக் உறுதி. பார்ட்னரிடம் ஸ்பேடே இல்லாவிட்டாலும் அநேகமாக ஆறுதான். இரண்டாவது கையில் ஸ்பேடில் மூன்று போய்விடும், நாலு நிற்கும். ஹார்ட் ராஜாவுக்கு அரை சேர்த்தால் நாலரை. அதற்கும் எதிரணித் துருப்பு ஏடாகூடமாகப் பிரியாமல் இருக்க வேண்டும்.

இன்னொரு வித்தியாசம் இதைவிட முக்கியம். எதிரணி ஹார்ட்டில் கேம் ஆடினால் முதல் கை எத்தனை டிரிக் எடுக்கும்? பெரும்பாலும் சுழியம். இரண்டாவது கையின் ராஜா, ராணி, ஜாக்கிகள் எதிரணியின் ஆட்டத்தில் அங்கங்கே குறுக்கே நின்று ஒன்றிரண்டு எடுத்துக்கொடுக்கும். முதல் கைக்கு நாம் ஆடினால்தான் மதிப்பு, அவர்கள் ஆடினால் அது வெறும் காகிதம். அதனால் அதை வைத்துக் கத்த வேண்டும். இரண்டாவது கையை வைத்துக்கொண்டு முதல் சுற்றில் பேசாமல் இருப்பதே மேல்.

இந்த எண்ணிக்கையை முதல் பிட்டுக்கு (ஏலக் கேள்விக்கு) முன்பே முடித்துவிட வேண்டும். ஏலம் சூடேறிய பிறகு எண்ணினால் கை எப்போதும் அரை டிரிக் கூடுதலாகத்தான் தெரியும்.

அறிகுறி: டபிள் வாங்கி 800, 1100 என்று போகிறது

டபிள் என்பது, கேட்டதை உங்களால் எடுக்க முடியாது என்று எதிரணி பந்தயத்தை ஏற்றுவது. முதலில் பார்க்க வேண்டியது வல்னரபிள் நிலை, அதாவது அந்தப் போர்டில் தண்டமும் போனஸும் கூடுதலாக உள்ள பக்கம் எது என்பது. டபிள் ஆன பிறகு, வல்னரபிள் இல்லாதவருக்குக் கேட்டதில் ஒரு டிரிக் குறைந்தால் 100, இரண்டுக்கு 300, மூன்றுக்கு 500, நாலுக்கு 800. வல்னரபிள் என்றால் 200, 500, 800, 1100. எதிரணிக்கு மேஜர் சூட் (ஸ்பேடு அல்லது ஹார்ட்) கேம் கிடைத்தால் அவர்கள் வல்னரபிளாக இருந்தால் 620, இல்லையென்றால் 420. இந்த இரண்டு வரிசையையும் ஒட்டிவைத்துப் பார்த்தால் கணக்கு தானே வந்துவிடும். அவர்கள் மட்டும் வல்னரபிள் என்றால் நாம் மூன்று குறையலாம். இரு பக்கமும் ஒரே நிலை என்றால் இரண்டு. நாம் மட்டும் வல்னரபிள் என்றால் ஒன்றுதான்.

பிரிட்ஜ் ஆசான் எலி கல்பர்ட்சன் காலத்திலிருந்து வழங்கிவரும் இரண்டு-மூன்று விதி இதையே சுருக்கிச் சொல்கிறது: கையில் உள்ள டிரிக்கோடு, வல்னரபிள் என்றால் இரண்டும் இல்லையென்றால் மூன்றும் சேர்த்துக் கேள். எப்படிப் போனாலும் 500-க்கு மேல் போகாது. எதிரணியின் நிலையை இந்த விதி கண்டுகொள்வதில்லை என்பது இதில் நான் காணும் குறை. மேலே சொன்ன மூன்று-இரண்டு-ஒன்று கணக்கையே நான் நம்புவேன்.

மேலே பார்த்த முதல் கையில் ஆறு டிரிக். அவர்கள் வல்னரபிள், நாம் இல்லை என்றால் ஆறும் மூன்றும் ஒன்பது, 3 ஸ்பேடு. கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். நாம் மட்டும் வல்னரபிள் என்றால் கணக்கு ஏழு டிரிக்கில் நிற்கிறது. அப்போது 3 ஸ்பேடு கேட்பது பந்தயம் கட்டுவதற்குச் சமம். பலர் கேட்பார்கள், பல நாள் தப்பிக்கவும் செய்வார்கள். 2 ஸ்பேடு போதும் என்பது என் கட்சி.

வல்னரபிள் கணக்கு சரியாக இருந்தும் 800 போகிறது என்றால் சூட்டின் தரத்தைப் பாருங்கள். ‘பார்ட்னரிடம் இரண்டு மூன்று ஸ்பேடாவது இருக்கும்’ என்று நினைத்துக்கொண்டு கேட்கிறோம். உங்களிடம் ஏழு இருக்கும்போது மீதி ஆறு சீட்டு மூன்று கைகளில் பிரிகின்றன. பார்ட்னரிடம் ஒன்றோ, ஒன்றுகூட இல்லாமலோ இருக்கும் வாய்ப்பு 33 சதவீதம். சரியாக இரண்டு இருப்பது 36. மூன்றும் அதற்கு மேலும் 31. மூன்றில் ஒரு தடவை பார்ட்னர் துருப்பில் கை கொடுக்க மாட்டார் என்று தெரிந்துதான் கேட்க வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கி, 10 என்று தொடர்ச்சியாக இருக்கும் சூட்டுக்கு அது பெரிய பாதிப்பு இல்லை. ராணிக்குக் கீழே 8 என்று இறங்கும் சூட்டுக்கு அதுதான் 800. ஒன்பதும் பத்தும் புள்ளிக் கணக்கில் வராத சீட்டுகள், ஆனால் நீண்ட சூட்டில் அவை ராணிக்குச் சமம்.

ஒரு காலத்தில் வல்னரபிள் இல்லாதவர்கள் நாலு, ஐந்து குறைந்தாலும் இவ்வளவு வலிக்காது. நாலு குறைந்தால் 700-தான். 1987-இல் விதி மாறி நாலாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 300 ஆனது. பழைய ஆட்டக்காரர்கள் சொல்லும் துணிச்சலான யோசனைகளைக் கேட்கும்போது இதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

எந்த வகை ஆட்டம் என்பதும் கணக்கில் வரும். பேர்ஸ் ஆட்டத்தில் (அதே சீட்டை ஆடிய மற்ற ஜோடிகளோடு ஒப்பிட்டு இடம் தருவது) 800 போனாலும் 1400 போனாலும் அந்தப் போர்டில் அடிமட்டம், அவ்வளவுதான். எத்தனை தடவை லாபம் என்பதே கேள்வி, எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதல்ல. டீம் ஆட்டத்தில் புள்ளி வித்தியாசம் இம்ப் என்ற அலகாக மாறும், அளவுதான் எல்லாம். எதிரணிக்கு 140 மட்டுமே கிடைக்கக்கூடிய போர்டில் நீங்கள் 800 கொடுத்தால் வித்தியாசம் 660, அதாவது 12 இம்ப். டீமில் விளையாடுகிறவர் ஒரு படி குறைத்துக்கொள்வதில் அவமானம் ஒன்றுமில்லை.

அறிகுறி: பாஸ் போட்டேன், எதிரணி தடையே இல்லாமல் சரியான கேமில் போய் நின்றது

800 போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பாஸ் போட்டுக் கொடுத்த 620 யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதனால் இந்தக் கோளாறு வெளியே தெரிவதில்லை. ஸ்கோர் ஷீட்டைப் பின்னோக்கிப் புரட்டி, ஆறு ஏழு சீட்டு சூட்டோடு நீங்கள் பாஸ் போட்ட கைகளைத் தேடிப் பார்த்தால்தான் பிடிபடும்.

ஏலத்தில் மொத்தம் 35 பிட்டுகள் உண்டு, ஏழு படிக்கு ஐந்து வீதம். 3 ஸ்பேடு பதினாலாவது. நீங்கள் 3 ஸ்பேடு என்று திறந்தால் (முதல் பிட்டாகக் கேட்டால்) அதற்குக் கீழே இருக்கும் 13 பிட்டுகளும் எதிரணிக்கு இல்லாமல் போகின்றன. ஹார்ட் நாலா ஐந்தா, ஸ்பேடில் தடுப்பு (அந்தச் சூட்டை நாம் ஓட்டாமல் நிறுத்தும் சீட்டு) உண்டா, புள்ளி 13-ஆ 17-ஆ என்று அவர்கள் பேசிக்கொள்வது அந்தப் பதின்மூன்றில்தான். இப்போது ஒரே பிட்டில் எல்லாவற்றையும் யூகிக்க வேண்டும். இப்படி இடத்தை அடைக்க உயரக் கேட்பதுதான் பிரீயெம்ப்ட், அதன் லாபம் இந்த யூகத்தில்தான் இருக்கிறது. நாம் குறைந்து கொடுப்பது அதற்கான விலை.

இதே வியாதியின் இன்னொரு வடிவம், தவணை முறை. 2 ஸ்பேடு கேட்டு, அவர்கள் 3 ஹார்ட் கேட்டதும் 3 ஸ்பேடு, 4 ஹார்ட் கேட்டதும் 4 ஸ்பேடு. கடைசியில் வந்து நின்ற இடம் 4 ஸ்பேடுதான். ஆனால் வழியில் இரண்டு தடவை அவர்களுக்குத் தகவல் சொல்லிக்கொள்ள இடம் கொடுத்தாயிற்று. டபிள் போடுவதா 5 ஹார்ட் போவதா என்று முடிவெடுக்க இப்போது அவர்களிடம் எல்லா விவரமும் இருக்கிறது. 4 ஸ்பேடு வரை போகத்தக்க கை என்றால் முதலிலேயே 4 ஸ்பேடு.

பார்ட்னருக்கும் இது பொருந்தும். அவர் 3 ஸ்பேடு திறந்தார், உங்களிடம் மூன்று ஸ்பேடு, வேறு ஒன்றுமில்லை. ஏழும் மூன்றும் பத்துத் துருப்பு. பத்து டிரிக் அளவுக்கு, அதாவது 4 ஸ்பேடுக்கு, உடனே ஏற்றிவிடுங்கள். நல்ல கை இருந்தாலும் அதே 4 ஸ்பேடைத்தான் கேட்பீர்கள். இரண்டில் எது என்று எதிரணிக்குத் தெரியாது.

எதிரணி ஏலத்தைத் திறந்த பிறகு நடுவில் புகுவதாக இருந்தால் ஒரு சுருக்கமான சோதனை உண்டு. சூட்டின் சீட்டு எண்ணிக்கையோடு அதிலுள்ள பெரிய சீட்டுகளைக் கூட்டுங்கள். ஆறு சீட்டில் ஏஸ், ராணி என்றால் எட்டு, ஆகவே இரண்டாம் படி. ஏழு சீட்டில் ராஜா, ராணி என்றால் ஒன்பது, மூன்றாம் படி. ஜாக்கியையும் பத்தையும் மேலே இன்னொரு பெரிய சீட்டு இருந்தால் மட்டும் எண்ண வேண்டும்.

அறிகுறி: பிரீயெம்ப்ட் நன்றாக வேலை செய்தது, ஆனால் தடைபட்டது நம்முடைய கேம்

எந்த நாற்காலியில் இருந்து கேட்டீர்கள் என்று பாருங்கள். முதலில் பேசும் டீலராக இருந்தால் இன்னும் பேசாதவர்கள் மூன்று பேர், அதில் இரண்டு பேர் எதிரணி. நல்ல கை அவர்களிடம் இருக்கும் வாய்ப்பு இரட்டிப்பு, தைரியமாகக் கேட்கலாம். இரண்டாவதாகப் பேசும்போது ஒரு எதிராளி ஏற்கெனவே பாஸ் போட்டுவிட்டார். மீதி இருப்பது ஒரு எதிராளியும் பார்ட்னரும். நீங்கள் அடைக்கும் கதவு பாதி நேரம் உங்கள் வீட்டுக் கதவாக இருக்கும். இங்கே சூட் சுத்தமாக இருந்தால் மட்டும் கேளுங்கள்.

மூன்றாவது நாற்காலி சொர்க்கம். பார்ட்னர் பாஸ் போட்டுவிட்டார், உங்களிடமும் ஒன்றுமில்லை, மீதி எல்லாம் நாலாவது ஆளிடம்தான். ஆறு சீட்டோடு மூன்றாம் படி, ஐந்து நல்ல சீட்டோடு இரண்டாம் படி, இரண்டும் நடக்கும். நாலாவது நாற்காலியில் பலவீனமான பிரீயெம்ப்ட் என்று ஒன்றே கிடையாது. கை பிடிக்கவில்லை என்றால் பாஸ் போட்டு போர்டை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். அங்கே 2 ஸ்பேடு என்றால் ஆறு நல்ல ஸ்பேடும் திறக்கத்தக்க அளவுக்குப் புள்ளியும் உள்ள, ஆடி எடுக்கும் கை.

நாற்காலி சரி என்றால் பக்கத்துச் சூட்டைப் பாருங்கள். ஸ்பேடு: ஏஸ், ஜாக்கி, 8, 4. ஹார்ட்: 7. டைமண்ட்: ராஜா, ஜாக்கி, 10, 9, 6, 5, 3. கிளாவர்: 2. முதல் நாற்காலியில் இதை 3 டைமண்ட் என்று திறந்தால் ஸ்பேடு புதைந்துபோகும். பார்ட்னரிடம் ஐந்து ஸ்பேடு இருந்தால் 4 ஸ்பேடு ஆடலாம், ஆனால் அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? புள்ளி 9, நீளமான இரண்டு சூட்டின் சீட்டுகள் 11, கூட்டினால் 20. இருபது வந்தால் ஒன்றாம் படியில் திறக்கலாம் என்ற விதிப்படி இது 1 டைமண்ட். பெரிய சீட்டு எல்லாம் நீண்ட சூட்டுகளிலேயே இருப்பதால் நான் கூசாமல் திறப்பேன். மூன்றாவது நாற்காலியில் இதே கை 3 டைமண்ட். அங்கே பார்ட்னர் பாஸ் போட்டவர், கேம் தவறும் பயம் குறைவு.

அறிகுறி: முதல் பிட் சரி, இரண்டாவது பிட்டில் எல்லாம் போனது

பிரீயெம்ப்ட் போட்டவர் பார்ட்னர் வற்புறுத்தாமல் மறுபடி வாய் திறக்கக் கூடாது. இது ஒழுக்க விதி மாதிரி சொல்லப்படுவதால் காரணம் மறந்துபோகிறது. நீங்கள் 3 ஸ்பேடு கேட்டதும் உங்கள் கை ஏறக்குறைய முழுதாகப் பார்ட்னருக்குத் தெரியும். அவர் கையோ உங்களுக்குத் தெரியாது. எதிரணி 4 ஹார்ட் கேட்டு அவர் பாஸ் போட்டார் என்றால், ஒருவேளை ஹார்ட்டில் நாலு சீட்டு வைத்துக்கொண்டு டபிள் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். முழு விவரம் உள்ளவர் முடிவெடுத்த பிறகு பாதி விவரம் உள்ளவர் அதை மாற்றுவது எந்தக் கணக்கிலும் சேராது.

‘எனக்கு எட்டாவது ஸ்பேடு இருந்ததே’ என்பார்கள். அப்படியானால் தப்பு முதல் பிட்டில். 4 ஸ்பேடு திறந்திருக்க வேண்டும்.

அறிகுறி: 3 நோ டிரம்ப் ஆடினோம், டம்மியில் ஏழு டைமண்ட் செத்துக் கிடந்தது

நோ டிரம்ப் என்றால் துருப்பு இல்லாத ஆட்டம், டம்மி என்றால் மேஜையில் விரித்து வைத்த பார்ட்னரின் கை. நீண்ட சூட்டில் அதிகம் தவறிப்போகும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். தப்பு நீண்ட சூட் வைத்தவருடையது அல்ல, எதிர்க் கையில் இருப்பவருடையது.

பார்ட்னர் 3 டைமண்ட் திறந்தார். ராஜா, ராணி, ஜாக்கி, 10, 8, 6, 3. வெளியே ஒன்றுமில்லை. உங்களிடம் 17 புள்ளி, டைமண்டில் 7, 5. மற்ற மூன்று சூட்டும் தடுப்போடு இருப்பதால் 3 நோ டிரம்ப் கேட்கிறீர்கள். டைமண்ட் ஆடுகிறீர்கள். ஏஸ் வைத்திருப்பவர் முதல் சுற்றில் விடுகிறார். இரண்டாவது ஆடினால் ஏஸ் விழுகிறது, அல்லது மறுபடி விடுகிறார். எப்படியானாலும் உங்கள் கையில் டைமண்ட் தீர்ந்தது. டம்மிக்குப் போக வேறு வழியில்லை. ஏழு சீட்டு சூட்டில் கிடைத்தது ஒன்றோ இரண்டோ டிரிக்.

இப்போது 7, 5-க்குப் பதிலாக ஏஸ், 5 வைத்துப் பாருங்கள். ஏஸை ஆடி, 5-ஐ ராஜாவுக்குப் போட்டால் ஏழு டிரிக்கும் வரிசையாக வந்து விழும். நாலும் ஒரே பக்கம் இருந்தாலும் பாதிப்பில்லை. வெளியே இரண்டு டிரிக் போதும், ஒன்பது ஆயிற்று. தடுப்பு சரியாக இருந்தால் 17 புள்ளிகூட வேண்டாம், 13-இல் இந்த 3 நோ டிரம்ப் நடக்கும். ஏஸ் தனியாக, துணையில்லாமல் இருந்தால் மறுபடி பழைய கதை: ஏஸை எடுத்த பிறகு டம்மிக்குப் போகச் சீட்டு கிடையாது.

மூன்று சின்ன டைமண்ட் இருந்தால்? எதிரணியிடம் ஏஸோடு மூன்றுதான். 78 சதவீதம் அவை 2-1 என்று பிரியும், ஏஸ் இரண்டாவது சுற்றுக்குள் விழுந்தாக வேண்டும், உங்களிடம் டம்மிக்குப் போக மூன்றாவது சீட்டு மிச்சம் இருக்கும். அதற்கிடையில் எதிரணி தங்கள் சூட்டை ஓட்டிவிடாமல் தடுப்பு நிற்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

ஆகவே பார்ட்னரின் பிரீயெம்ப்டுக்கு மேல் 3 நோ டிரம்ப் கேட்குமுன் புள்ளியைப் பார்க்காதீர்கள், அவருடைய சூட்டில் உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒற்றைச் சீட்டும் 17 புள்ளியும் என்றால் அநேகமாக பாஸ். வலிக்கும், ஆனால் பாஸ்.

நீண்ட சூட் வைத்தவர் பக்கம் ஒரே ஒரு குறிப்பு. பார்ட்னர் 3 நோ டிரம்ப் கேட்டுவிட்டால் 4 டைமண்டுக்கு ஓடாதீர்கள். உங்கள் கை இப்படித்தான் என்று தெரிந்தே கேட்டிருக்கிறார்.

அறிகுறி: நான் ஸ்பேடு, அவர் ஹார்ட், நான் ஸ்பேடு, அவர் ஹார்ட், டபிள்

இருவருக்கும் நீண்ட சூட், ஒருவர் சூட்டில் மற்றவருக்கு ஒன்றுமில்லை. எதிராளி பொறுமையாகக் காத்திருந்து நாலாம் படியில் டபிள் போடுவார். முதலில் யார் நிறுத்துவது என்பதுதான் தகராறு. விடை: பார்ட்னரிடம் ஒரு சீட்டாவது இருந்தால் ஒழிய ஓடாத சூட்டை வைத்திருப்பவர். ஏஸ், 9, 7, 6, 4, 3, 2 என்ற ஸ்பேடை வைத்துக்கொண்டு மூன்றாவது தடவை ஸ்பேடு கேட்பதில் அர்த்தமில்லை. பார்ட்னர் ஹார்ட்டை இரண்டாவது தடவை, ஸ்பேடு கேட்ட பிறகும் கேட்டிருக்கிறார் என்றால் ஆறு சீட்டு உறுதி. உங்களிடம் ஒன்று இருந்தாலும் ஏழு துருப்பு ஆயிற்று. பாஸ் போடுங்கள். டபிள் விழுவதற்கு முன்பே நிறுத்தியவருக்கு 50 அல்லது 100-தான் நஷ்டம்.

அறிகுறி: 4 ஸ்பேடு திறந்தேன், 12 டிரிக் எடுத்தேன்

பலமான கையை பிரீயெம்ப்ட் பெட்டியில் போட்டதன் விளைவு. ஸ்பேடு: ஏஸ், ராணி, ஜாக்கி, 10, 8, 7, 5, 3. ஹார்ட்: ஏஸ், 6. டைமண்ட்: ஏஸ். கிளாவர்: 9, 4. எட்டு ஸ்பேடைப் பார்த்ததும் கை தானாக 4 ஸ்பேடு அட்டையை எடுத்துவிடும். பார்ட்னரிடம் ஸ்பேடு ராஜா, கிளாவரில் ஏஸும் ராஜாவும் மட்டும் இருக்கட்டும். 10 புள்ளி. 4 ஸ்பேடுக்கு எதிரில் 10 புள்ளி வைத்திருப்பவர் பாஸ்தான் போடுவார். எண்ணிப் பாருங்கள்: ஸ்பேடில் எட்டு, ஹார்ட் ஏஸ், டைமண்ட் ஏஸ், கிளாவரில் இரண்டு. 25 புள்ளியில் 6 ஸ்பேடு கைவசம் இருக்கிறது. வல்னரபிள் என்றால் தவறவிட்ட போனஸ் 750, இல்லையென்றால் 500.

நாலாம் படியில் திறக்கும் கைக்கு வெளியே ஒரு ஏஸுக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டு இருந்தால் ஒன்றாம் படியில் திறந்து, பார்ட்னர் பேசட்டும் என்று விடுங்கள். ‘எல்லோரும் பாஸ் போட்டுவிட்டால்?’ என்ற பயம் வரும். உங்களிடம் எட்டு ஸ்பேடு என்றால் மற்றவர்களிடம் வேறு சூட் நீளமாக இருக்கும், யாராவது பேசுவார்கள்.

அறிகுறி: அவர்களுடைய கேமைத் தடுக்கப் பலி கொடுத்தோம், அந்தக் கேமே டவுன் ஆகியிருக்கும்

இங்கே துருப்புகளை எண்ணுவதுதான் மருந்து. பிரான்ஸைச் சேர்ந்த ழான்-ரெனே வெர்ன் 1969-இல் எழுதிப் பிரபலமான கணக்கு இது: நம் பக்கத்து நீளமான சூட்டில் இருவரிடமும் சேர்த்து எத்தனை சீட்டு, அவர்கள் பக்கத்தில் எத்தனை, இரண்டையும் கூட்டினால் இரு பக்கமும் தத்தம் துருப்பில் எடுக்கக்கூடிய மொத்த டிரிக் ஏறக்குறைய கிடைக்கும்.

அவர்கள் 4 ஹார்ட் கேட்டிருக்கிறார்கள். நம்மிடம் ஸ்பேடு பத்து, அவர்களிடம் ஹார்ட் ஒன்பது. மொத்தம் 19. அவர்களுக்கு 10 டிரிக் வருமென்றால் நமக்கு 9, அதாவது 4 ஸ்பேடு ஒன்று குறையும், டபிளோடு 100 அல்லது 200. அவர்களுக்கு 9-தான் வருமென்றால் நமக்கு 10, 4 ஸ்பேடு நடக்கும். எப்படிப் பார்த்தாலும் 4 ஸ்பேடு கேட்கலாம்.

நம்மிடம் ஒன்பது, அவர்களிடம் எட்டு என்று வைத்துப் பாருங்கள். மொத்தம் 17. அவர்களுக்கு 10 என்றால் நமக்கு 7, மூன்று குறையும், வல்னரபிள் இல்லாமலேயே 500. அவர்களுக்கு 9 என்றால் நமக்கு 8, இரண்டு குறைந்து 300. அவர்கள் டவுன் ஆகி நமக்கு வர வேண்டிய 50-ஐயும் விட்டுவிட்டு 300 கொடுக்கிறோம். பாஸ்.

கணக்கு ஒன்று கூடும் குறையும். உங்கள் ராணியும் ஜாக்கியும் அவர்கள் துருப்பிலேயே மாட்டிக்கொண்டிருந்தால் மொத்தத்தில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். இரு பக்கத்துக்கும் இரண்டாவது சூட்டும் பொருந்தியிருந்தால் ஒன்றைக் கூட்டுங்கள். அவர்கள் சூட்டில் உங்களிடம் ஒற்றைச் சீட்டா இரண்டு சீட்டா என்பதை வைத்து பார்ட்னரிடம் எத்தனை இருக்கும் என்று யூகிப்பது முதலில் திணறலாக இருக்கும். அவர்கள் ஐந்து சீட்டு மேஜர் முறை (ஐந்து சீட்டு இருந்தால்தான் மேஜர் சூட்டில் திறப்பது) ஆடுகிறவர்களா, ஏற்றிவிட்டவர் மூன்று சீட்டோடா நாலோடா என்பதை ஏலத்தின் நடுவிலேயே, உங்கள் முறை வரும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள விதி இடம் தருகிறது.